தொடாத செல்லில் தெரிந்த பட்டை

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் பல மாதங்கள் ஒரு கறுப்புப் பட்டையோடு மல்லுக்கட்டினேன்.

டி.என்.ஏ. இழை அறுந்த இடத்தில் முதலில் வந்து உட்காரும் நொதிகளில் ஒன்று பார்ப்-1. ஏடிபி-ரைபோஸ் (ADP-ribose) என்னும் சிறு மூலக்கூறு அலகுகளைச் சங்கிலியாகக் கோத்து, அருகிலுள்ள புரதங்கள் மீதும் தன் மீதும் ஏற்றும். அந்தச் சங்கிலியை அளப்பதே என் வேலை. டி.என்.ஏ.வைக் காயப்படுத்த செல்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்து, சில நிமிடங்களில் அவற்றை உடைத்து, தேடும் பொருளை எதிர்ப்பொருளால் கண்டு கறுப்புப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை எடுப்பேன். காயப்பட்ட செல்லில் மட்டும் தெரியவேண்டிய பட்டை, தொடாத செல்லிலும் தெரிந்தது. எதிர்ப்பொருளை மாற்றினேன், கரைசல்களைப் புதிதாகத் தயாரித்தேன். பலனில்லை.

ஒருநாள் மூத்த ஆய்வாளர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தார். "நீ செல்லை உடைக்கும்போதே டி.என்.ஏ.வும் அறுகிறது. நொதி இன்னும் வேலை செய்துகொண்டுதானே இருக்கிறது?" என்றார். நான் அளந்த காயம் நானே உண்டாக்கியது! புரதங்களைக் குலைக்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருளின் கொதிக்கும் கரைசலைச் செல்கள் மீது நேரடியாக ஊற்றினால் நொதிகள் எல்லாம் அக்கணமே செயலிழக்கும். சங்கிலியை ஏற்றும் பார்ப் மட்டுமல்ல, சில நிமிடங்களில் அதை அறுத்துத் தள்ளும் பார்க் நொதியும்தான். அதன்பின் பட்டை வரவேண்டிய இடத்தில் மட்டும் வந்தது.

அடுத்து ஓலாபரிப். அறுந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ மரபணு பழுதான புற்றுநோய்களுக்கு 2014 முதல் பயன்பாட்டில் இருக்கும் மருந்து. பார்ப் நொதியை முடக்குவதால்தான் அது புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது என்றே நம்பியிருந்தேன். அப்படியானால் பார்ப்-1 அறவே இல்லாத செல்கள் அந்த மருந்துக்கு ஏன் தாக்குப்பிடிக்கின்றன? சங்கிலி ஏறினால் எதிர்மின்சுமை கூடி, பார்ப்-1 டி.என்.ஏ.வை விட்டு விலகும். மருந்து அதைத் தடுக்கிறது. நொதி அங்கேயே சிக்கிக்கொள்ள, செல் பிரியுமுன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் இயந்திரம் அதில் மோதி, இரண்டு இழைகளும் அறுகின்றன. பிஆர்சிஏ இருந்தால் செல் அதைச் சரிசெய்துகொள்ளும். இல்லாவிட்டால் மடியும். இவ்வளவு நுட்பமாகப் புற்றுநோய்ச் செல்லைப் பிரித்தறியும் சிகிச்சையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

ஆனாலும் நாளடைவில் பல கட்டிகள் மருந்தை மீறிவிடுகின்றன. அதற்குப் பல வழிகள். பார்க் நொதியை இழப்பது அவற்றில் ஒன்று. அறுப்பவர் இல்லாததால் மிச்சமிருக்கும் கொஞ்சச் சங்கிலியே பார்ப்-1-ஐ விடுவித்துவிடுகிறது. இப்போது என் மேசையில் இருப்பவை பார்க் நீக்கப்பட்ட செல்கள். கொதிக்கும் கரைசல் பக்கத்திலேயே இருக்கிறது.