44 வயசுல வந்த குரல்

காலையிலிருந்து அமெரிக்கப் பாடகி டீனா டர்னரோட 'பிரைவேட் டான்சர்' ஆல்பம்தான் வீட்ல ஓடிக்கிட்டிருக்கு. 1984ல அந்த ஆல்பம் வந்தப்போ அவங்களுக்கு 44 வயசு. புருஷன் அடி தாங்காம 1976ல வெளியே வந்து, ஹோட்டல் மேடைகள்ல பாடிக் கடனை அடைச்சவங்க. "கதை முடிஞ்சுது"ன்னு பலர் ஒதுக்கின குரல் அது.

விமர்சகர்கள் கொண்டாடித் தீர்த்துட்டாங்க. சின்தசைசர் பளபளப்புக்கு நடுவுலயும் அந்தக் கரகரப்பு அப்படியே நிக்குதே! இதுல வர்ற 'வாட்ஸ் லவ்' பாட்டுக்கு மறுவருஷம் கிராமி விருது. ஆரம்பத்துல அந்தப் பாட்டு டீனாவுக்கே பிடிக்கலையாம்!

ஆனா நான் திரும்பத் திரும்பப் போடறது அதே ஆல்பத்துல இருக்கற 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்'. முதல் சில வரிகள்ல தாளமே இல்லை, குரல் தனியா நடந்து வரும். தாளம் விழற இடத்துல தோசைக்கரண்டியைக் கீழே வச்சுட்டேன். இந்தப் பாட்டை முதல்ல பாடின அல் கிரீனைவிட இவங்க பாடினதுதான் ஒரு படி மேல. சண்டைக்கு வர்றவங்க வரலாம்.