25 நிமிடச் சாதகம்: மூன்று மாதம் ஓட்டிப் பார்த்த முறை

தினம் ஒரு மணி நேரம் பாட்டுச் சாதகம், அதாவது பாடிப் பழகுவது, என்று தொடங்கியது மூன்றாவது வாரத்திலேயே படுத்துவிட்டது. எடுத்த எடுப்பில் பாட்டின் சிக்கலான இடத்தில் போய் முட்டுவது, தொண்டை கட்டும்வரை அதையே திருப்பித் திருப்பிப் பாடுவது, மறுநாள் உட்காரவே பிடிக்காமல் போவது. இதுதான் நடந்தது. நேரத்தை 25 நிமிடமாக வெட்டி, செய்யும் வரிசையையும் மாற்றிய பிறகுதான் மூன்று மாதம் தாக்குப்பிடித்தது.

முதல் 5 நிமிடம் ஸ்ட்ராவுக்கு. அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 2 சென்டிமீட்டர் ஆழம்வரை விட்டு, உதட்டை அதைச் சுற்றி மூடி, ‘ஊ’ என்று ஒலித்தபடி குமிழி விட வேண்டும். முதலில் ஒரே சுரம், பிறகு கீழிருந்து மேலே வழுக்கி ஏறி இறங்குவது. வாய்க்குள் உண்டாகும் எதிரழுத்தம் குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் பார்த்துக்கொள்ளும். நடுவில் மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி மாறினாலோ நின்றாலோ காற்று மூக்கு வழியாகக் கசிகிறது என்று பொருள். குமிழி திக்கித் திக்கி வந்தால் மூச்சு சீராகப் போகவில்லை. ஸ்ட்ராவை ஆழமாக விட்டால் பலன் கூடும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் தொண்டையால் தள்ளத் தொடங்கிவிடுவோம்.

இது முடிந்ததும் ஒரு சின்னச் சோதனை. எளிதாக எட்டும் மேல் சுரம் ஒன்றில், தெரிந்த மெட்டின் ஒரு வரியை மிக மெல்லப் பாட வேண்டும். ஓங்கிப் பாடும்போது வந்துவிடும் சுரம் மெல்லப் பாடும்போது தாமதமாகவோ காற்றாகவோ வந்தால் குரல்நாண் களைத்திருக்கிறது, லேசாக வீங்கியும் இருக்கலாம். அன்றைக்குச் சத்தம் போட்டுப் பாடும் வேலை கிடையாது. தாளம் போட்டு வரிகளைச் சொல்வது, மனத்துக்குள் பாடிப் பார்ப்பது, பாட்டை உன்னிப்பாகக் கேட்பது போதும். அதுவும் சாதகக் கணக்கில்தான் சேரும்.

அடுத்த 7 நிமிடம் அகாரம், அதாவது சுரங்களின் பெயரைச் சொல்லாமல் ‘ஆ’ என்றே பாடுவது. மெட்ரோனோமை (சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. மூன்றாம் காலத்தில், அதாவது தட்டுக்கு நான்கு சுரம் வரும் வேகத்தில், பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: ‘ஆ’ என்று ஓட வேண்டிய சுரங்கள் ‘அஹஹஹ’ என்று உடையும். சுரத்தைப் பிரித்துக் காட்டும் அவசரத்தில் ஒவ்வொன்றுக்கும் காற்றை வெளியே விடுவதே காரணம். மெட்ரோனோமை 45-க்கு இறக்கி, ‘ஹ’ இல்லாமல் வந்த பிறகு ஐந்தைந்தாக ஏற்றினால் சரியாகும். கட்டைவிரலைத் தாடைக்கடியில் மென்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள்; மேலே ஏறும்போது அந்த இடம் கல்லாக இறுகினால் நாக்கின் அடிப்பகுதி அழுத்துகிறது.

பிறகு 8 நிமிடம் பாட்டுக்குள். முழுப் பாட்டையும் எடுக்கக் கூடாது, அதிகம் போனால் இரண்டு சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள்). ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பாடுவதால் தொடக்கம் மட்டும் மெருகேறி வால் சொதப்பும். அதனால் கடைசி நான்கு தட்டை முதலில் பிடித்து, அதற்கு முன்னால் உள்ளதை ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தவறில்லாமல் வந்தால் அடுத்த துண்டு. ஐந்து முறையும் தப்பினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆறாவது முறை அதே வேகத்தில் பாடினால் தப்பைத்தான் மனப்பாடம் செய்கிறோம்.

கடைசி 5 நிமிடம் பிடித்த பாட்டு. திருத்தம் கிடையாது, நிறுத்தி மறுபடி பாடுவதும் கிடையாது. நேரம் போதவில்லை என்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். எங்கள் அனுபவத்தில் இதை வெட்டிய வாரங்களில்தான் விடுபட்ட நாட்கள் அதிகம். வெட்டுவதானால் அகாரத்தை வெட்டுங்கள்.

பாடுவதைப் போனில் பதிவு செய்து கேட்பது வாரத்துக்கு ஒரு முறை போதும். தினமும் கேட்டால் மனம் சுருங்கிவிடும். போனை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். பாடும்போது எலும்பு வழியாகவும் நம் குரல் காதுக்கு வருகிறது. பதிவில் அது இல்லாததால் மெலிந்து கேட்கும், அதற்காகப் பதற வேண்டாம். மெட்ரோனோமுக்கு ப்ளூடூத் இயர்போன் வேண்டாம். தட்டு சற்றுத் தாமதமாகக் காதில் விழும். பதிவில் நாம் பின்தங்கியிருப்போம்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. குடிக்கும் தண்ணீர் குரல்நாணைத் தொடுவதே இல்லை, உணவுக்குழாயில் இறங்கிவிடுகிறது. பாட உட்காரும்போது மடக் மடக்கென்று குடிப்பதைவிட, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதே உதவும். தூங்கி எழுந்தவுடன் குரல் கனத்திருக்கும், அரை மணி நேரமாவது கழித்துத் தொடங்கலாம்.

ஒரு நாள் விடுபட்டால் மறுநாள் 50 நிமிடம் பாடி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். ஸ்ட்ரா 5 நிமிடம், பிடித்த பாட்டு 5 நிமிடம், அத்தோடு எழுந்துவிடலாம். மூன்றாம் நாள் பழைய 25-க்குத் திரும்பலாம். கரகரப்பு மூன்று வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் சாதகத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்நாணைக் காட்ட வேண்டும்.