நான்கு சுவர்களுக்குள் கேட்ட அழுகை

மேற்கு வேல்ஸில் உள்ள ஒரு மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் பதினோராவது ஆண்டாகப் பணியாற்றுகிறேன். குழந்தை வெளியே வந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த சில நொடிகள் அறையில் உள்ள அனைவரும் பேச்சற்றுக் காத்திருப்போம். அது வீறிட்டு அழுத பிறகுதான் எங்களுக்கே மூச்சு வரும். அந்த அழுகையை நம்பி நிலவுரிமை கைமாறிய காலம் ஒன்று இருந்தது என்பதை, விடுமுறை நாளொன்றில் பெம்ப்ரோக் கோட்டைக்குப் போய் வந்த பிறகு படித்தபோதுதான் அறிந்தேன்.

பின்னாளில் ஏழாம் ஹென்றியாக இங்கிலாந்தை ஆண்டவர் பிறந்த காட்சியை அக்கோட்டையின் கோபுரம் ஒன்றில் உருவப் பொம்மைகளால் அமைத்திருக்கிறார்கள். நான் தாயைப் பற்றியே நினைத்துக்கொண்டு நின்றேன். 1457 ஜனவரி 28 அன்று அவரைப் பெற்றெடுத்த மார்கரெட் போஃபோர்ட்டுக்கு 14 வயது நிறைய இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. அதற்குள் அவள் கைம்பெண்ணாகியும் ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. கணவன் எட்மண்ட் டியூடர் கார்மார்தனில் கொள்ளைநோய்க்குப் பலியாகிவிட, ஏழு மாதக் கர்ப்பிணியாகப் பொழுதைக் கழிக்க அவளுக்குக் கிடைத்த இடம் கணவனின் தம்பி ஜாஸ்பரின் இந்தக் கோட்டை.

அவள் பெரும் சொத்துக்கு ஒரே வாரிசு. முதல் பிறந்தநாள் வருவதற்குள் தந்தையான சாமர்செட் பிரபு இறந்துவிட்டார். மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவரின் வாரிசு வயதுக்கு வராதிருந்தால், அந்தப் பிள்ளையைக் காக்கும் பொறுப்பும் திருமணம் செய்துவைக்கும் உரிமையும் மன்னரைச் சேரும்; அவர் அதை விரும்பியவருக்கு அளிக்கலாம், விற்கவும் செய்யலாம். அப்படி அளிக்கப்பட்டதன் விளைவாக, விவரம் அறியாத வயதில் மார்கரெட்டுக்கு நடந்த முதல் திருமணம் 1453இல் ரத்தானது. 1455இல், மன்னர் ஆறாம் ஹென்றிக்குத் தாய் ஒன்று, தந்தை வேறான சகோதரரும் அவளைப் போல் இரு மடங்கு வயதுடையவருமான எட்மண்டுக்கு அவளை மணமுடித்தார்கள். பெண்ணுக்கு 12 வயது நிறைந்தால் திருமணம் செல்லும் என்பது திருச்சபைச் சட்டம். ஆனாலும் உடல் முதிரும்வரை காத்திருப்பது பிரபுக் குடும்பங்களில் புதிதல்ல.

எட்மண்ட் காத்திருக்கவில்லை. சொத்துள்ள பெண்ணுக்கு உயிருடன் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், பின்னர் அவள் இறந்தாலும், ஏன், குழந்தையே இறந்தாலும், அவளுடைய நிலங்களைக் கணவன் தன் ஆயுள் முழுவதும் அனுபவிக்கலாம் என்று அக்காலச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. அந்த உரிமைதான் அவரை அவசரப்படுத்தியது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். பிரசவ அறைக்குள் ஆண்கள் போவதில்லை என்பதால், நான்கு சுவர்களுக்குள் குழந்தையின் அழுகை கேட்டதா என்பதையே சட்டம் சான்றாகத் தேடியது. அந்த வரியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் உயிருக்கு அடையாளமாகக் காத்திருக்கும் அதே ஒலி. அதே சில நொடிகள்.

13 வயதில் இடுப்பெலும்பு வளர்ந்து முடிந்திருக்காது. குழந்தையின் தலை இறங்க வழியில்லாமல் வலி நாள்கணக்கில் நீண்டால் தாயின் உடல் எப்படிக் கிழியும் என்பதை விவரிக்க எனக்கு மனமில்லை. அவ்வளவு சிறிய உடலிலிருந்து ஓர் உயிர் பிறந்ததே வியப்பு என்று, அவளை நன்கறிந்த ஆயர் ஜான் ஃபிஷர் பின்னாளில் பேசினார். அதன் பிறகு அவள் இரு முறை மணம் புரிந்தும் இன்னொரு குழந்தை பிறக்கவில்லை. என் தொழிலில் உள்ள எவருக்கும் அந்த ஒரு செய்தியே அந்த அறையைக் கண்முன் கொண்டுவந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி பிரசவித்தாள். சமூகப் பணியாளர், மருத்துவர்கள், தாய், பாட்டி எல்லோரும் உடனிருந்தார்கள். குறை என்று எதுவும் இல்லை. தையல் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கூரை விளக்கைப் பார்த்தபடி, “எல்லாம் சரியாகிவிடுமா?” என்று கேட்டாள். “குழந்தை நன்றாக இருக்கிறது” என்றேன். அவள் தலையைத் திருப்பி, “நான் என்னைப் பற்றிக் கேட்டேன்” என்றாள். கையுறைக்குள் என் விரல்கள் நின்றுவிட்டன. பிறகு எத்தனை தையல், எது கரையும், எத்தனை நாள் எரிச்சல் இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கேட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. இப்போதெல்லாம் தாயின் நலத்தைச் சொன்ன பிறகே குழந்தையின் எடையைச் சொல்கிறேன்.

மார்கரெட்டிடம் அன்று யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்களா என்று பலமுறை நினைத்திருக்கிறேன். பிரசவமான ஓராண்டுக்குள் அவளுக்கு அடுத்த திருமணமும் நடந்தது. ஆனால் அவள் மறக்கவில்லை. 1498இல், இன்னும் ஒன்பது வயது நிறையாத பேத்தியை ஸ்காட்லாந்து மன்னருக்குக் கொடுக்கும் பேச்சு வந்தபோது, மருமகளான அரசியும் அவளும் சேர்ந்து எதிர்த்தார்கள். அந்த மன்னர் பொறுத்திருக்கமாட்டார், சிறுமியின் உடலுக்குக் கேடு செய்துவிடுவார் என்று இருவரும் அஞ்சுவதாக ஏழாம் ஹென்றியே ஸ்பெயின் தூதரிடம் சொன்னார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பெம்ப்ரோக்கில் நடந்ததைப் பற்றி அவள் வாய் திறந்து சொன்னதாக நான் படித்ததில் இதற்கு மேல் நெருக்கமான சொல் இல்லை.

பேத்தி 1503இல்தான் ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டாள். அப்போதும் அவளுக்கு 13 வயதுதான். முதல் குழந்தை பிறந்தபோது அவளுக்கு 17 வயது ஆகியிருந்தது.