சொல்லியிருக்கலாம்

ஆங்கிலம் பேசும் இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். கிடங்கில் இரவு ஷிப்ட். ஒரு பெட்டி தவறான வண்டியில் ஏறிப் போய்விட்டது, ஏற்றியது நான்தான். மேற்பார்வை பார்க்கும் அம்மா வந்து, வண்டி எண் மாறியதை நேற்றே உன்னிடம் சொன்னேனே என்றார். எனக்குச் சுத்தமாக நினைவில்லை, ஆனால் அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அதனால் பணிவாக, "நீங்கள் சொல்லியிருக்கலாம், நான்தான் மறந்திருப்பேன்" என்று சொல்ல நினைத்து, "யூ குட் ஹேவ் டோல்ட் மீ" (You could have told me) என்று ஆரம்பித்தேன். மிச்சப் பாதி வாய்க்கு வருவதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. "ஐ டிட்!" என்று கையிலிருந்த அட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன், அவர் காதில் விழுந்ததோ "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்ற குறை. யோசித்துப் பார்த்தால் கோளாறு நம் 'லாம்' என்ற வாலில் இருக்கிறது. 'சொல்லியிருக்கலாம்' என்றால் ஒருவேளை சொன்னீர்களோ என்னவோ என்றும் பொருள், சொல்லாமல் விட்டுவிட்டீர்களே என்றும் பொருள். நாம் குரலை வைத்தும் பின்னால் ஒரு 'ஏ' போட்டும் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'மே ஹேவ்', 'மைட் ஹேவ்' பத்திரம். 'குட் ஹேவ்' எப்போதும் குறை என்றில்லை, "ஹி குட் ஹேவ் லெஃப்ட்" என்றால் கிளம்பியிருக்கலாம் என்றும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் எதிரே நிற்கிறவரைப் பார்த்து 'யூ' போட்டுச் சொன்னால் பெரும்பாலும் குறைதான் முந்திக்கொண்டு கேட்கும்.

அடுத்த கூத்து 'மஸ்ட்'. மஸ்ட் என்றால் 'வேண்டும்' என்றுதானே பள்ளியில் மனப்பாடம் செய்தோம்? ஒரு நாள் காலையில் பின்கதவு திறந்து கிடந்தது. பூட்ட வேண்டியவன் நான். ஒப்புக்கொண்டுவிடுவோம் என்று, பூட்டியிருக்க வேண்டும், பூட்டவில்லை என்ற அர்த்தத்தில், "ஐ மஸ்ட் ஹேவ் லாக்ட் இட்" என்றேன். அதற்கு அர்த்தம் 'நிச்சயம் பூட்டித்தான் இருப்பேன்' என்பது. அப்படியானால் திறந்தது யார் என்று இரண்டு பேர் உட்கார்ந்து கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தார்கள், திரையில் நான் கதவைச் சும்மா சாத்திவிட்டு நடந்து போகிறேன்! 'ஷுட் ஹேவ்' என்று சொல்லியிருக்க வேண்டியது, அந்த ஒரு சொல் மாறியதால் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவன் சாதிக்கிறவனாகிவிட்டேன். அப்புறம் இன்னொன்று, இந்த 'நிச்சயம் செய்திருப்பேன்' என்பதற்கு எதிர்ப்பதம் 'மஸ்ட் நாட் ஹேவ்' என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்வது 'காண்ட் ஹேவ்' அல்லது 'குடன்ட் ஹேவ்'.

'மே'யும் 'மைட்'டும் ஒன்றுதான் என்று நினைத்தேன். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கூட வேலை பார்க்கும் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து சின்னக் காயத்தோடு தப்பித்தபோது, செத்திருப்பார், நல்லவேளை என்ற நினைப்பில், அவருடைய நண்பரிடம் போனில் "ஹி மே ஹேவ் டைட்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. 'மே ஹேவ்' என்றால் என்ன ஆனது என்று இன்னும் தெரியாது என்றுதான் கேட்கிறவர் எடுத்துக்கொள்வார். நடக்கவில்லை என்று தெரிந்த பிறகு 'மைட் ஹேவ்', 'குட் ஹேவ்'. இந்த ஊர்க்காரர்களே இதைக் கலக்கிப் பேசுவதுண்டு, 'குட் ஹேவ்' என்பதைக் காதில் விழுந்தபடி 'குட் ஆஃப்' (could of) என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதெல்லாம் அவர்கள் செய்தால் அவசரம், நாம் செய்தால் ஆங்கிலம் வராது.

இப்போது சந்தேகம் வந்தால் 'மேபீ யூ டோல்ட் மீ' என்று தப்பித்துக்கொள்கிறேன்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த நம் ஆள் ஒருவன், அவனுக்கு நான்தான் வேலை பழக்குகிறேன், நாலு பேர் முன்னால் என்னிடம் "யூ குட் ஹேவ் டோல்ட் மீ" என்றான். சுருக்கென்றது. தனியாகக் கூப்பிட்டு, சரி, தமிழில் சொல்லு என்றேன்.

"சொல்லியிருக்கலாம்ணே" என்றான்.