அம்மோனியா டேங்கர் கவிழ்ந்த அன்று: தண்ணீர், கண், அப்புறம் ஏஆர் காப்பி

சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிக்காரர் இல்லாத தெரு குறைவு. எங்கள் தெருவிலும் பல வருடம் டேங்கர் ஓட்டிய அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஓமலூர் பைபாஸில் டேங்கர் கவிழ்ந்து வெள்ளையாகப் புகை கிளம்பியதும் பாதிப் பேர் வீடியோ எடுக்கப் போனார்கள். யாரோ ஜூம் செய்து எடுத்த படத்தில் வண்டியின் ஆரஞ்சுப் பலகையைப் பார்த்தார் அண்ணன். 1005 என்ற எண். "அம்மோனியாடா, எல்லாரும் கிளம்புங்க" என்று கத்தினார். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளில் உள்ளே இருப்பது என்ன என்று காட்டும் இப்படி ஒரு எண் இருக்கும். உலகம் முழுக்க 1005 என்றால் அம்மோனியாதான்.

அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் டேங்கரில் இருப்பது அழுத்தத்தில் திரவமாக்கிய அம்மோனியா. அது கொதிப்பதே மைனஸ் 33 டிகிரியில். கொட்டியதும் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து குளிர்ந்த புகை மூட்டமாகத் தரையோடு தவழ்ந்து வருகிறது. எங்கள் வீதிக்கு வந்ததும் அப்படித்தான். மூடிய ஜன்னலைத் தாண்டி நெடி வர ஆரம்பித்ததும், ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்று வீசும் போக்கில் ஓடாமல் குறுக்கே இறங்கி வயல் பக்கம் போனோம். அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் ஈரத்துணி ஓரளவு தாங்கும். அம்மாயிக்கு ஏற்கெனவே வீசிங். அவரைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். என் மனைவி மாட்டை அவிழ்த்துவிடப் போனதால் பின்தங்கி, புகையில் மாட்டிக்கொண்டாள்.

வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிழைத்தோம் என்றால் அந்தத் தண்ணீரால்தான். 108 வருவதற்குள் அண்ணன் எல்லோரையும் குழாயடியில் நிறுத்தி, துணியோடு இல்லை, துணியைக் கழற்றிவிட்டுக் குளிக்க வைத்தார். பெண்களுக்குப் புடவையைத் திரையாகப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ எலுமிச்சம்பழம் பிழியலாம் என்றார்கள், அம்மோனியா சுண்ணாம்பு மாதிரி காரம் (அமிலத்துக்கு எதிர்), காரத்துக்குப் புளிப்பு மாற்று என்று. அது தப்பு. இரண்டும் சேரும்போது சூடு கிளம்பும், தண்ணீர் ஊற்றும் நேரமும் வீணாகும். மோரும் பாலும் குடிக்கக் கொண்டுவந்தவர்களையும் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நேரே உள்ளே விடவில்லை. வாசலிலேயே மறுபடி தண்ணீர். அம்மாயி கோபப்பட்டார், "எத்தனை தடவடா குளிப்பாட்டுவீங்க" என்று. நம் மேலும் துணியிலும் ஒட்டிவந்த அம்மோனியா, உள்ளே இருக்கும் டாக்டரையும் நர்ஸையும் மற்ற நோயாளிகளையும் தாக்கிவிடும் என்பதுதான் காரணம். கழற்றிய துணிகளை பிளாஸ்டிக் பையில் கட்டிப் பேர் எழுதினார்கள். மோதிரம், வளையல், அரைஞாண் எல்லாம் கழற்றச் சொன்னார்கள், அடியில் அம்மோனியா தங்கும் என்று.

தாலிக்கயிறு விஷயத்தில் பல பெண்கள் தயங்கினார்கள். என் மனைவி அன்று காலைதான் கயிற்றுக்கு மஞ்சள் பூசியிருந்தாள். அது செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்குமே, அதே வேலைதான்; கயிறு காரத்தைக் குடித்திருக்கிறது. நர்ஸ் அதைக் காட்டி, "இது கழுத்துல இருந்தா அந்த இடம் வெந்துடும்மா" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. தாலியை மட்டும் கழுவிக் கொடுத்தார்கள். மாமியார் மறுநாள் புதுக்கயிறு கொண்டுவந்தார்.

அதிக நேரம் பிடித்தது கண். அமிலம் பட்டால் மேல்தசை வெந்து இறுகி, அதுவே கொஞ்சம் தடுப்பாகும். காரம் அப்படி இல்லை, கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். அதனால் சலைன் பாட்டிலின் டிரிப் குழாயைக் கண்ணில் பிடித்து ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். இமையைப் புரட்டி உள்ளேயும் கழுவினார்கள். நடுநடுவே, காரம் எவ்வளவு மிச்சம் என்று நிறம் மாறிக் காட்டும் சிறு தாளைக் கீழிமைக்குள் தொட்டுப் பார்த்தார்கள். காரமும் அமிலமும் இல்லாத அளவான ஏழுக்குப் பக்கம் வந்ததும் நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள், உள்ளே தங்கியது ஊறி வருகிறதா என்று. என் மனைவிக்கு மறுபடியும் ஏறியிருந்தது, திரும்ப முதலிலிருந்து. அப்புறம்தான் சாயச்சொட்டு விட்டு நீல விளக்கில் கருவிழியைப் பார்த்தார்கள்.

மூச்சுக்கு ஆக்சிஜன், நெபுலைசர். அம்மோனியாவுக்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது, உடம்பு தேறும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. டாக்டர் ஒவ்வொருவரையும் பேர் சொல்லச் சொன்னார். அடையாளத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். குரல் கரகரக்கிறதா என்று பார்த்திருக்கிறார். கரகரத்தால் தொண்டை வீங்குகிறது என்று பொருள். அப்படிக் கரகரத்த ஒருவர் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார், உடனே ஐசியூவுக்குக் கொண்டுபோய்க் குழாய் போட்டார்கள். வீங்கி அடைத்தபின் குழாய் உள்ளே போகாதாம்.

எக்ஸ்ரே சரியாக இருந்தும் 24 மணி நேரம் போகவிடவில்லை. நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கிளினிக்கில் சிரப் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன், நள்ளிரவில் மூச்சுத் திணறி வந்து சேர்ந்தான். என்னைக் கேட்டால், புகை குடித்தவரை அன்றிரவு வீட்டில் படுக்க வைக்கவே கூடாது. 

கிளம்புமுன் ஒரு வேலை: ஏஆர் பதிவு, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு. கூட்டமாகச் சேர்க்கும்போது பேர், வயது தப்பாக விழும். ஆதாரில் உள்ளபடி அங்கேயே திருத்திக்கொள்ளுங்கள். 1991ஆம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலே கலெக்டரிடம் நிவாரணம் கேட்கலாம். விபத்து நடந்து ஐந்து ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ஏஆர் காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில், எஃப்ஐஆர் நகல் இணைத்து எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து கலெக்டர் ஆபீஸில் கொடுத்திருக்கிறோம். மனைவிக்குப் பார்வை திரும்பிவிட்டது, வெயிலில் மட்டும் கூசுகிறது. எனக்கு ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையில் அளவு இன்னும் குறைவாகத்தான் வருகிறது, இன்ஹேலர் தொடர்கிறது.