பொத்தானுக்கு நிறம் ஏறவில்லை என்றால் முதலில் ஸ்டைலைப் பாருங்கள்

பாம்பனில் ஒரு மீன் ஏலக் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பைதான் மொழியும், பொத்தான், கட்டம் மாதிரித் திரைப் பாகங்களைத் தரும் கியூட்டி (Qt) என்ற கருவித்தொகுப்பும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கடையிலும் வேலை குறைவு, அதனால் அந்த நேரத்தில் திரையின் தோற்றத்தை முழுக்க மாற்றினேன். அதைப் பார்த்த பக்கத்து ஊர் மண்டபத்துத் தம்பி ஒருவர், அவரும் இதே மாதிரி மென்பொருள் எழுதுகிறவர், "அண்ணே, நான் பொத்தானுக்குப் பச்சை கொடுத்தா ஏறவே மாட்டேங்குது, உங்களுக்கு மட்டும் எப்படி வருது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நிறம் ஏறாததற்குக் காரணம், விண்டோஸில் அந்தப் பொத்தானை வரைவது நம் மென்பொருள் இல்லை. 2001இல் எக்ஸ்பி வந்ததிலிருந்து விண்டோஸுக்குள் தீம், அதாவது திரைப் பாகங்களின் தோற்றம், வரைவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. "இந்த இடத்தில் ஒரு பொத்தான், அழுத்திய நிலையில்" என்று கியூட்டி கேட்கும், விண்டோஸ் வரைந்து கொடுக்கும். நீங்கள் பூசிய பச்சை அடியில் இருக்கிறது, அதன் மேல் விண்டோஸின் விளிம்பு முழுப் பொத்தானையும் மூடிவிடுகிறது. ஸ்டைல்ஷீட்டில், அதாவது எந்தப் பாகம் எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதும் விதிகளில், நிறத்தோடு சேர்த்து விளிம்புக்கும் ஏதாவது ஒரு மதிப்பு கொடுத்தால் கியூட்டி தானே வரைய ஆரம்பித்துவிடும், பச்சை தெரியும்.

ஆனால் ஒவ்வொரு பொத்தானாக இப்படிச் செய்வது எனக்குப் பிடிக்காது. மென்பொருள் தொடங்கும்போதே கியூட்டியோடு வரும் ஃப்யூஷன் (Fusion) ஸ்டைலைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அது எல்லாவற்றையும் தானே வரையும், பேலட்டில் (மென்பொருள் முழுவதற்குமான நிறப் பட்டியல்) சொன்ன நிறங்களைக் கேட்கும், விண்டோஸிலும் லினக்ஸிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். பைதானோடு வரும் டிகிண்டர் (Tkinter) என்ற திரைக் கருவியை வைத்து எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான்: அதில் விண்டோஸ் வரைந்து கொடுக்கும் விஸ்டா தீம் பொத்தான் நிறத்தைக் கேட்காது, தானே வரையும் கிளாம் (clam) தீம் கேட்கும்.

அப்புறம் பொது நிறங்களைப் பேலட்டில் வையுங்கள், ஸ்டைல்ஷீட்டை விதிவிலக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டைல்ஷீட் பெற்றோரிலிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும். பல பாகங்களை உள்ளே வைத்திருக்கும் ஒரு சட்டத்துக்கு (ஃபிரேம்) எதன் பெயரும் குறிப்பிடாமல் வெள்ளைப் பின்னணி கொடுத்தால், உள்ளே இருக்கும் பொத்தான், கட்டம், பட்டியல் எல்லாமே வெளுத்துப்போகும். கீழிறங்கும் பட்டியலும் உருள்பட்டையும் இன்னும் மோசம், அவற்றில் ஒரு பாகத்தைத் தொட்டால் மற்றப் பாகங்களையும் நீங்களே வரைந்தாக வேண்டும், இல்லையென்றால் அம்புக்குறி காணாமல் போகும். பேலட்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த நிலைக்கு என்று சொல்லாமல் நிறம் கொடுத்தால் முடக்கிய நிலைக்கும் அதே நிறம் போய்விடும், அழுத்த முடியாத பொத்தான் அழுத்தக்கூடியது மாதிரியே நிற்கும். முடக்கிய நிலைக்குத் தனியாக ஒரு நிறம் கொடுங்கள்.

நான் இதில் அதிகம் கவலைப்படுவது ஃபோகஸ் பற்றி, அதாவது கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் அடையாளம். நாமே விளிம்பு வரையத் தொடங்கியதும் விண்டோஸ் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த அடையாளம் போய்விடும், மவுஸ் வைத்தே சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு அது போனதே தெரியாது. கடையில் கணக்கு எழுதும் அக்கா மவுஸைத் தொடுவதே இல்லை. படகு எண், மீன், கிலோ, விலை, என்டர், அடுத்த படகு. இறாலும் நண்டும் கணவாயும் மாறி மாறி ஏலம் போகும் வேகத்தில் அவர் பாதி நேரம் தராசைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், திரையைத் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் எந்தக் கட்டம் என்று பளிச்சென்று தெரியாவிட்டால் விலை போய்க் கிலோவில் விழும், ஒரு படகுக்காரரின் உழைப்புக்கான பணம் தப்பாகப் பதிவாகும். அதனால் கர்சர் நிற்கும் கட்டத்துக்கு 2 பிக்சல் கருநீல விளிம்பு வைத்திருக்கிறேன். மற்றக் கட்டங்களுக்கும் அதே 2 பிக்சல்தான், நிறம் மட்டும் வெளிர் சாம்பல். அகலம் மாறினால் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் எழுத்து குதிக்கும்.

கடை கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது, காலை வெயில் நேரே திரையில் அடிக்கும். அங்கே கறுப்புத் தீம் வைத்தால் திரையில் ஆள் முகம்தான் தெரியும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். இணையதளங்களுக்கான அணுகல் விதிகளில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு கேட்கிறார்கள், வெயிலில் இருக்கும் திரைக்கு அதைவிட நிறையவே வேண்டும் என்பது என் கருத்து.

தமிழ் எழுத்தில் இன்னொரு சிக்கல். விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐ எழுத்துருவில் சீலா, நெத்திலி என்று எழுதினால் மேலே இருக்கும் சுழிக்கும் வளைவுக்கும் இடம் வேண்டும். ஆங்கிலத்தை மனதில் வைத்து உயரத்தை நிலையாகக் கொடுத்திருந்தால் அந்தத் தலைப்பகுதி வெட்டுப்படும். உயரத்தை நிலைப்படுத்தாதீர்கள், குறைந்தபட்ச உயரமும் உள் இடைவெளியும் கொடுங்கள், அட்டவணை வரிசையின் உயரத்தை எழுத்துருவின் அளவிலிருந்து கணக்கிடுங்கள்.

நிறங்களை வேலையின் பெயரில் கட்டிவைப்பதும் நல்லது. "பாக்கி" என்று ஒரு பண்பு வைத்து, அது இருக்கும் கட்டம் சிவப்பு என்று ஸ்டைல்ஷீட்டில் ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். முன்பணப் பாக்கி அடைபட்டதும் பண்பை மாற்றினால் மட்டும் போதாது, ஸ்டைலைக் கழற்றி மறுபடி பூசச் சொல்ல வேண்டும், அதுவரை சிவப்பு அப்படியே நிற்கும். தம்பியின் அடுத்த கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

தேதி எடுக்கும் நாட்காட்டியை நான் இன்னும் தொடவில்லை. அதற்குள் பொத்தான்களும் அட்டவணையும் தனித்தனியாக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வேறு விதி எழுத வேண்டும். அடுத்த தடைக்காலத்தில் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன், யாராவது ஏற்கெனவே செய்திருந்தால் சொல்லுங்கள்.