டின்டர்னுக்குச் சில மைல் மேலே: என் ஆய்வேடு கரைசேர்ந்த கதை

கடந்த வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளில் இயற்கையும் நினைவும் ஆன்மிகமும் பின்னிக் கிடக்கும் விதத்தைப் பற்றி நான் எழுதிய முதுகலை ஆய்வேடு, மேற்கொண்டு திருத்தம் எதுவும் கேட்கப்படாமல் ஏற்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்தவன் என்பதால் எனக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் 6 மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய எழுத்துவேலை 14 மாதம் இழுத்ததை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. இதே கவிஞரை எடுத்துக்கொண்டு எழுதப் போகிறவர்கள் நான் இடறிய இடங்களில் இடறக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சேர்க்கை, தலைப்புப் பதிவு, நெறியாளர் நியமனம் எல்லாம் சிக்கலின்றி நடந்தன. அவற்றில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

முதல் வரைவை எழுதும்போது என் மேசையில் இரண்டு நூல்கள் இருந்தன: ஊரில் இளங்கலை படித்தபோது வாங்கிய பழைய கவிதைத் தொகுப்பு ஒன்று, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த முழுத்தொகுதி ஒன்று. அவற்றில் உள்ள பாடம், அதாவது கவிதையின் சொல்வடிவம், எந்த ஆண்டுப் பதிப்பைச் சேர்ந்தது என்ற குறிப்பு இரண்டிலுமே இல்லை, நானும் தேடவில்லை. சங்க நூல்களை உ.வே.சா. பதிப்பில் படித்து, பக்கத்தின் அடியில் நிற்கும் பாடபேதங்களைப் பார்த்துப் பழகிய ஒருவன், ஆங்கிலக் கவிதை என்றதும் ஒரே பாடம்தான் இருக்கும் என்று எப்படி நம்பினேன் என்பது எனக்கே விளங்கவில்லை. வேர்ட்ஸ்வொர்த் தம் கவிதைகளை ஐம்பது ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டே இருந்தவர். அவரிடம் நினைவு என்ற பொருளை ஆராய்கிறவருக்குப் பாடபேதம் அடிக்குறிப்பில் ஒதுங்கிக் கிடக்கும் செய்தியாக இருக்க முடியாது. அதுதான் ஆய்வின் நடுப்பொருள்.

முதல் அடி டாஃபடில் மலர்களைப் பற்றிய கவிதையில் விழுந்தது. 1802 ஏப்ரல் 15 அன்று கவிஞரும் தங்கை டோரத்தியும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்த மலர்களைப் பார்த்தார்கள், கவிதை 1804இல் உருவானது, 1807இல் அச்சேறியது. இந்த இரண்டாண்டு இடைவெளியில் ஏரிக்கரைக் காட்சி விண்மீன் கூட்டமாக விரிந்துவிட்டது என்றும், நினைவு இயற்கையை ஆன்மிக அனுபவமாக மாற்றுவதற்கு அதுவே சான்று என்றும் 4 பக்கம் எழுதியிருந்தேன். நெறியாளர் அந்தப் பக்கங்களின் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதியிருந்தார்: 1807ஆம் ஆண்டுப் பதிப்பில் விண்மீன்கள் எங்கே இருக்கின்றன? எடுத்துப் பார்த்தேன், இல்லை. அந்தப் பத்தியே 1815இல்தான் சேர்க்கப்பட்டது. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த 'பொன்னிற' மலர்கள்கூட 1807இல் 'ஆடும்' மலர்களாகத்தான் இருந்தன. 4 பக்கமும் போயிற்று. ஆனால் அந்த இடத்தில் புதிதாக எழுதியதுதான் இன்றும் எனக்கு நிறைவு தரும் பகுதி: நினைவு இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடவில்லை, பார்த்த காட்சி 13 ஆண்டுகள் கழித்தும் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த நினைவு அவர் ஒருவருடையதும் அன்று. தனியாக அலைந்ததாகக் கவிதை சொல்கிறது. டோரத்தியின் நாட்குறிப்போ இருவரும் சேர்ந்து நடந்ததைச் சொல்கிறது. அகக்கண்ணில் மலர்கள் பளிச்சிடும் அந்தப் புகழ்பெற்ற இரண்டு வரிகளையும் தந்தவர் மனைவி மேரி என்பதைக் கவிஞரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அடுத்த அடி பலமானது. அவருடைய தன்வரலாற்று நெடுங்கவிதையான 'தி பிரெலூட்' 1799இல் இரண்டு பகுதிகளாகவும், 1805இல் 13 காண்டங்களாகவும், அவர் மறைந்த 1850இல் 14 காண்டங்களாகவும் நிற்கிறது. அந்தத் தலைப்பே அவர் இறந்தபின் மேரி வைத்தது. 1805ஆம் ஆண்டுப் பாடத்தைப் பதிப்பாசிரியர் டி செலின்கோர்ட் 1926இல் அச்சிடும்வரை பொது வாசகர்கள் அதைப் பார்த்ததே இல்லை. இவ்வளவையும் அறிமுக இயலில் நானே எழுதிவிட்டு, ஆன்மிகம் பற்றிய இயலில் வேல்ஸிலுள்ள ஸ்னோடன் மலையில் கவிஞர் ஏறியதைச் சொல்லும் பகுதியை மேற்கோள் காட்டிய இடத்தில் '1805, காண்டம் 14' என்று குறித்திருந்தேன். நெறியாளர் அந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை. 1805இல் பதினான்காம் காண்டம் என்று ஒன்று கிடையாது. நான் வைத்திருந்தது முழுக்க 1850ஆம் ஆண்டுப் பாடம். ஆண்டை மட்டும் நினைவிலிருந்து போட்டிருக்கிறேன்.

எண்ணை மாற்றினால் போதும் என்று எண்ணி மூல வரிகளோடு ஒப்பிட்டபோதுதான் என் வாதமே கவிழ்ந்தது தெரிந்தது. மலையுச்சியில் நிலவொளியில் மூடுபனிக் கடலைக் கண்ட கவிஞர், இயற்கையில் ஒரு பெருமனத்தின் உருவத்தைக் காணும் இடம் அது. அங்கே அவர் கடவுளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை, முப்பத்தைந்து வயதில் அவருடைய ஆன்மிகம் சமயத்துக்கு வெளியே நின்றது என்று நான் எழுதியிருந்தேன். 1805இல் கடவுள் என்ற சொல் அந்த இடத்தில் இருக்கிறது. கடவுளுணர்வு அல்லது தன்னளவில் மங்கலாகவும் பரந்தும் இருக்கும் ஏதோ ஒன்று என்ற பொருளில் வருகிறது. 1850இல் அந்தச் சொல் நீங்கி, இருண்ட பாழின்மீது கவிந்திருக்கும் மனம் என்ற விவிலியச் சாயல் கொண்ட படிமம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. முதுமையில் கவிஞர் கிறித்தவச் சார்பை மிகுதியாக்கினார் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு, பெயர் சொல்லாத பாடம் இளமையுடையது என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன். எல்லோரும் சொல்வதிலும் உண்மை உண்டு. பொருள்களின் ஆழத்தில் என் உயிர் ஏவியபடி வழிபட்டேன் என்று 1805இல் சொன்னவர், 1850இல் பக்தி விதித்தபடி வழிபட்டதாக மாற்றுகிறார். ஒரு சொற்றொடர் மாறியதில் வழிபாட்டுக்கு ஆணையிடுவது யார் என்பதே மாறிவிட்டது. ஆனால் மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே திசையில் போகவில்லை. ஒவ்வொரு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மூன்று பாடங்களையும் ஒரே நூலில் தரும் 1979ஆம் ஆண்டு நார்ட்டன் பதிப்பை முதல் நாளே வாங்கியிருந்தால் எனக்கு நான்கு மாதம் மிஞ்சியிருக்கும். நீங்கள் வாங்கிவிடுங்கள், பழைய பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை.

அதே நூலின் உதவியால் நினைவு பற்றிய இயலையும் திருத்தினேன். காலத்தில் ஆங்காங்கே நிற்கும் புள்ளிகள் மனத்தைப் பேணுகின்றன என்ற பகுதி 1799இல் பிள்ளைப்பருவ நிகழ்ச்சிகளின் நடுவே வருகிறது. 1805இல் அது பதினோராம் காண்டத்துக்குப் போய், பிரெஞ்சுப் புரட்சி தந்த ஏமாற்றத்தில் நொந்த மனத்துக்கு மருந்தாகிறது. கனி தரும் ஆற்றல் என்று முதலில் சொன்னது, பின்னாளில் புதுப்பிக்கும் ஆற்றல் என்றாகிறது. நொந்தவனுக்குத்தானே புதுப்பித்தல் வேண்டும்.

இனி வீணாய்ப் போன பயணம். 1798 ஜூலை 13 என்ற நாளைத் தலைப்பிலேயே சுமக்கும் டின்டர்ன் கவிதையே என் ஆய்வேட்டின் தொடக்கப்புள்ளி என்பதால், வேல்ஸில் வை ஆற்றங்கரையில் இருக்கும் அந்த இடத்தைப் பார்த்துவிட்டே முன்னுரையை எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விடுப்பு எடுத்து, செப்ஸ்டோவரை ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் போனேன். 1131இல் நிறுவப்பட்டு, மன்னர் எட்டாம் ஹென்றியின் காலத்தில் 1536இல் மூடப்பட்ட, சிஸ்டர்சியர் என்ற கத்தோலிக்கத் துறவியரின் மடாலயம் கூரையில்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கிறது, பேரழகு. ஆனால் ஆற்றங்கரைக்குப் போனதும் மனம் வாடிவிட்டது. கடலின் ஏற்ற இறக்கமான ஓதம் இந்த ஆற்றிலும் ஏறி இறங்கும். அது வற்றிய நேரம். இரு கரையிலும் பழுப்பு நிறச் சேறு ஈரத்தில் பளபளத்துச் சரிந்து கிடந்தது. நடுவில் கலங்கிய நீர் ஓசையே இல்லாமல் நின்றது. ஒரு மரக்கிளை மிதந்து வந்து, சற்றுத் தயங்கி, பிறகு மெல்ல மேல்நோக்கி, மலைப்பக்கம் போகத் தொடங்கியது. ஓதம் திரும்பிவிட்டது. கவிதையின் நான்காம் வரியில் வரும் உள்நாட்டு நீரின் முணுமுணுப்பு எங்கே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சாலையில் போகும் வண்டிகளின் சத்தம்தான் கேட்டது.

வீடு திரும்பி, நினைவு சேற்றைக் கழுவிவிட்டு ஆற்றை மட்டும் வைத்துக்கொண்டது என்று இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது கண்கலங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெறியாளர் படித்துவிட்டு, எந்த இடத்தில் நின்று பார்த்தீர்கள் என்று கேட்டார். மடாலயத்துக்குப் பக்கத்தில் என்றேன். அவர் இந்தக் கவிதை முதலில் வெளிவந்த 'லிரிக்கல் பாலட்ஸ்' தொகுப்பின் 1798ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்க நிழற்படத்தைத் திரையில் எடுத்து, நான்காம் வரிக்குக் கவிஞரே போட்ட அடிக்குறிப்பைக் காட்டினார்: டின்டர்னுக்குச் சில மைல் மேலே ஆற்றை ஓதம் பாதிப்பதில்லை. என்னிடம் இருந்த இரண்டு தொகுப்புகளிலும் இந்தக் குறிப்பு விடப்பட்டிருந்தது. தலைப்பே சில மைல் மேலே என்றுதானே சொல்கிறது, கவிதைக்குள் மடாலயம் ஒரு வரியில்கூட இல்லையே என்று அவர் மென்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று இரவு உறக்கம் வரவில்லை. ஓதம் எட்டாத நீரில்தான் கவிஞர் காதை வைத்திருக்கிறார். சேற்றை அவர் மறக்கவில்லை. அது இல்லாத இடத்தை அளந்து, குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து மீண்டும் போனேன். இந்த முறை மடாலயத்தைத் தாண்டி ப்ராக்வியர் கிராமத்தில் தொடங்கி, வழக்கமாக ஓதம் ஏறும் எல்லையான பிக்ஸ்வியர் பாலத்தை நோக்கி ஆற்றோரமாக நடந்தேன். பாலத்தைக் கடந்து மேலே போனபின் சேறு குறைந்தது, கரையில் புல் நீரைத் தொட்டது, நீர் ஒரே திசையில், கடலை நோக்கி மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் கற்களின்மேல் நீர் உரசிப் போகும் தாழ்ந்த ஓசை விட்டு விட்டுக் கேட்டது. அதைக் கேட்டபோது, 1793இல் தனியாக வந்து, 5 ஆண்டு கழித்துத் தங்கையோடு திரும்பியவர் மற்ற எதற்கும் முன் காதால் கேட்டதைச் சொல்லித் தொடங்கியதன் காரணம் புரிந்தது. அவர் நின்ற சரியான இடத்தை யாராலும் காட்ட முடியாது. டின்டர்னை விட்டுப் புறப்பட்டபின் தொடங்கி, பிரிஸ்டலுக்குள் நுழையும்போது முடித்ததாகவும், அதுவரை ஒரு வரியைக்கூடத் தாளில் எழுதவில்லை என்றும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கவிதையே நினைவில் நடந்து வந்திருக்கிறது. ஆனால் பிற்கால அச்சில் அந்த முணுமுணுப்பின் அடைமொழியைக்கூட அவர் மாற்றினார்: 1798இல் 'இனிய' என்றிருந்தது பின்னர் 'மெல்லிய' ஆயிற்று. அங்கே நின்று கேட்டவன் என்ற முறையில் எனக்கு முதல் சொல்தான் பிடிக்கிறது.

இடைத்தேர்வில் இன்னொரு கேள்வி வரும், தயாராக இருங்கள்: டின்டர்ன் கவிதையில் மரங்களுக்கிடையே எழும் புகை யாருடையது? அந்தப் பள்ளத்தாக்கில் இரும்பு உலைகளுக்காகக் கரி சுட்டார்கள் என்பதும், மடாலய இடிபாட்டில் வறியவர்கள் குடியிருந்தார்கள் என்பதும் 1782இல் வெளிவந்த, வில்லியம் கில்பினின் வை ஆற்றுப் பயணநூலிலேயே இருக்கின்றன. இவற்றைக் கவிஞர் ஏன் ஒதுக்கினார் என்பது 1986இல் விமர்சகர் மார்ஜரி லெவின்சன் எழுதியதிலிருந்து சூடான விவாதம். எனக்கு அவருடன் முழு உடன்பாடு இல்லை. ஆனால் பதில் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது.

எழுதி முடித்தபின் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருமுறை திருப்பி அனுப்பினார்கள். எழுத்து ஒப்புமையைச் சோதிக்கும் மென்பொருள் 31 சதவீதம் என்று காட்டியது. 20ஐத் தாண்டினால் வாங்க முடியாது என்று பணியாளர் கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டார். கவிதை மேற்கோள்கள்தான் காரணம் என்று விளக்கியும் அவர் கேட்கவில்லை. வாக்குவாதம் செய்யாமல் துறையின் கையேட்டை வரிவரியாகப் படித்தேன். உள்தள்ளி எழுதிய மேற்கோள்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற விதி பின்னிணைப்பில் இருந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். அவற்றை நீக்கியதும் 9 சதவீதம்.

இரண்டாம் முறை தடையானது தலைப்பு. பதிவு செய்தபோது டின்டர்ன் கவிதையின் பெயரை, பிற்காலப் பதிப்புகளில் உள்ளபடி, 'இயற்றப்பட்ட வரிகள்' என்று கொடுத்திருந்தேன். 1798இல் அது 'எழுதப்பட்ட வரிகள்'. இவ்வளவு பட்டபின் தவறான பாடத்தை முகப்பிலேயே விட மனமில்லாமல் திருத்தியிருந்தேன். ஒரு சொல் மாறினாலும் தலைப்பு மாற்ற விண்ணப்பமும் நெறியாளர் கையொப்பமும் வேண்டும் என்றார்கள். நெறியாளர் வெளிநாட்டில் இருந்ததால் இரண்டு வாரம் போயிற்று. பழைய தலைப்பையே போட்டுவிட்டால் இன்றே வாங்கிக்கொள்கிறோம் என்று பணியாளர் சொன்னார். மாட்டேன் என்றேன்.

கையொப்பமான விண்ணப்பத்தோடு போன நாளில் அவர் முகப்புப் பக்கத்தையும் விண்ணப்பத்தையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரலை நகர்த்திக்கொண்டே போனார். 'எழுதப்பட்ட' என்ற சொல்லுக்கு வந்ததும் விரல் நின்றது. விண்ணப்பத்தைப் பார்த்தார், மறுபடி முகப்பைப் பார்த்தார், பிறகு முத்திரையை எடுத்தார்.